அமிர்திக்கு 18 மழலைகள், ஒரே டெம்போ டிராவலர்: பெரியவங்க கை போதுமா, பெல்ட் வேணுமா?

மழலைமிஸ்
வேலூர் சத்துவாச்சாரியில் பகல்நேரக் காப்பகம். இரண்டரை வயசிலிருந்து நாலு வயசு வரை 18 பிள்ளைகள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை 7:30-க்குக் கிளம்பி, அமிர்தி பூங்காவில் மானும் மயிலும் காட்டிவிட்டு 12 மணிக்குள் திரும்புவதாகத் திட்டம். ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர் வாக்கில் வரும். வாடகைக்குப் பேசியிருப்பது 26 இருக்கை டெம்போ டிராவலர். மஞ்சள் பலகை வண்டி, எப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்கிறது. கூட வருவது மிஸ் 3 பேர், ஆயாம்மா 2 பேர்.
ஒரு பெற்றோர் சைல்ட் சீட் இல்லாமல் அனுப்ப முடியாது என்கிறார். ஆளுக்கொரு சீட் உண்டு, வண்டி 40-ஐத் தாண்டாது, 18 பிள்ளைக்கு 5 பெரியவர்கள் இருக்கிறோம். 2013-ன் தேசிய மழலையர் கல்விக் கொள்கையே 3 வயசுக்குக் கீழ் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 20 பிள்ளைக்கு ஒருவர் என்றுதான் சொல்கிறது. இதற்கு மேல் கேட்டால் எந்தக் காப்பகமும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகவே முடியாது என்பது என் வாதம்.

இருக்கைப்பட்டை
மிஸ், அந்த விகிதம் நாலு சுவருக்குள் பார்த்துக்கொள்வதற்கு. ஓடுகிற வண்டிக்கு அதைப் பொருத்தக் கூடாது.
40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், 12 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 150 கிலோவைத் தாங்குகிற பலம் வேண்டும். எந்த ஆயாம்மா கையிலும் அது கிடையாது. மடியில் உட்கார வைத்து இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது அதைவிட ஆபத்து. பெரியவர் உடம்பு முன்னால் பாயும்போது பிள்ளை நடுவில் மாட்டி நசுங்கும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெல்ட் போட்டால் தலையோடு தலை மோதும்.
சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194-பி பிரிவின்படி, 14 வயசு நிரம்பாத பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினாலும் ஓட்ட விட்டாலும் 1,000 ரூபாய் அபராதம். "ஓட்ட விட்டாலும்" என்கிற சொல்லைக் கவனியுங்கள்.

மழலைமிஸ்
அமெரிக்காவில் பெரிய ஸ்கூல் பஸ் பலவற்றில் பெல்ட்டே இல்லை, அதைத்தான் பாதுகாப்பான வாகனம் என்கிறார்கள். அது எப்படி? அடுத்தது செலவு. சைல்ட் சீட் ஒன்று 6,000 ரூபாய் என்று வைத்தாலும் 18-க்கு 1,08,000 ஆகிறது. வருஷத்தில் இரண்டு நாள் பயணத்துக்கு எந்தக் காப்பகம் இதைப் போடும்?

இருக்கைப்பட்டை
அங்கே பெல்ட்டுக்குப் பதிலாக இருக்கையையே தடுப்பாகக் கட்டியிருக்கிறார்கள். 1977-லிருந்து நடப்பில் உள்ள விதி அது. உயரமான முதுகுப்பகுதி, முன்னும் பின்னும் தடித்த பஞ்சு, மோதினால் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சட்டம், வரிசைகளுக்கிடையே குறைந்த இடைவெளி. முட்டைத் தட்டில் முட்டை இருப்பதுபோல பிள்ளை அதற்குள் அடங்கும். வண்டியும் பத்து டன் சொச்சம். சின்ன வண்டி மோதினால் உள்ளே அதிர்வு குறைவு.
அந்த ஏற்பாடும் பள்ளி வயசுப் பிள்ளைக்குத்தான். மழலைகளுக்கு அது போதாது என்று சோதித்துப் பார்த்து, அவர்களை ஸ்கூல் பஸ்ஸிலும் சைல்ட் சீட்டில்தான் கட்ட வேண்டும் என்று அதே அமெரிக்க அரசு 1999-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. டிராவலரில் அந்தத் தடுப்பு எதுவும் இல்லை. சாய்கிற சீட், முன் சீட்டின் பின்னால் கெட்டிப் பிளாஸ்டிக், கைப்பிடிக் கம்பி. 90 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு அந்தக் கம்பி எங்கே வருகிறது என்று ஒருமுறை உட்கார வைத்துப் பாருங்கள். சரியாக வாய்க்கு நேரே இருக்கும்.

மலைப்பாதை ஓட்டுநர்
இரண்டு பேரும் வண்டி ஓடும்போது நடப்பதை மட்டுமே பேசுகிறீர்கள். பெல்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வண்டி நிற்கும்போதும் ஆபத்து இருக்கிறது. டிராவலர் மூக்குக்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் நிற்கிற மூணு வயசுப் பிள்ளை டிரைவர் கண்ணில் படாது. பின்பக்கமும் அதே கதைதான். அதனால் எல்லாரும் ஏறி, கதவு சாத்தி, மிஸ் வாய்விட்டு "சரி" என்று சொல்லும்வரை இன்ஜின் ஆஃப், சாவி டிரைவர் பையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் தரையில் நிற்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. அமிர்தியில் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் பிள்ளைகளை இறக்குவதற்கு முன்பே திருப்பி நிறுத்திவிட வேண்டும்.
கதவு இடதுபக்கம் இருக்கிறது. ஏற்றுகிற இடமும் இடதுபக்கமே அமைய வேண்டும், பிள்ளைகள் ரோட்டைக் கடக்கக் கூடாது. இழுத்துச் சாத்துகிற கதவில் விரல் மாட்டுவது அடிக்கடி நடப்பது. அதை ஒரே ஆள் மட்டும், உள்ளே பார்த்துக்கொண்டே சாத்த வேண்டும். டிரைவர் பக்கத்து சீட்டில் பிள்ளை கூடாது. பின்கதவை மறித்துப் பை அடுக்கக் கூடாது. நடைபாதையில் 20 லிட்டர் தண்ணீர் கேன் வைப்பதை எல்லா டூரிலும் பார்க்கலாம். இருக்கைப்பட்டை சார் சொன்ன கணக்கில் அந்தக் கேன் 250 கிலோ பலத்தோடு முன்னால் வரும். சீட்டுக் காலில் கயிறு போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள்.
வண்டியில் டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் தயாரானது. பள்ளத்துக்குள் இருக்கிற சிறு மேடு வரை தேய்ந்திருந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த டயரோடு கிளம்பக் கூடாது.

மூணுவயசம்மா
அனுப்ப மாட்டேன் என்ற பெற்றோர் நான்தான். இரண்டு கேள்வி. தெரிந்த பள்ளி ஒன்று தன் மஞ்சள் பஸ்ஸை அன்றைக்கு மட்டும் தருகிறது என்கிறார்கள், அது நல்லதா? டிராவலரில் இடுப்புப் பெல்ட் இருக்கிறதே, அதில் முதுகில்லாத பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கிற திண்டு, வைத்தால் ஆகாதா?

மலைப்பாதை ஓட்டுநர்
முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன் அம்மா. கல்வி நிறுவனப் பேருந்து என்றால் அந்த நிறுவனத்தின் மாணவர், ஊழியரை ஏற்ற மட்டும் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. வேறு காப்பகத்துப் பிள்ளைகளோடு அது விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். 2012-ல் தாம்பரத்தில் பஸ் தரை ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. அதனால் மே மாதம் ஆர்.டி.ஓ. ஆய்வு முடித்த பஸ்ஸின் தரையும் அவசர வழியும் வாடகை வண்டியைவிட நன்றாக இருக்கலாம். அது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பஸ். வெள்ளைப் பலகை வண்டி வாடகைக்கு வந்தால் அதையும் எடுக்காதீர்கள், அதற்குப் பர்மிட் கிடையாது.

இருக்கைப்பட்டை
பூஸ்டர் கூடவே கூடாது அம்மா. பூஸ்டரின் வேலை, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்றுமுனைப் பெல்ட்டைப் பிள்ளை அளவுக்குக் கொண்டுவருவது. வெறும் இடுப்புப் பெல்ட்டோடு வைத்தால் மேல் உடம்பு முழுவதும் முன்னால் மடியும். இந்த வயசில் இடுப்பெலும்பு முனை சரியாக வளர்ந்திருக்காது, பெல்ட் வழுக்கி வயிற்றுக்கு ஏறும். குடலும் முதுகெலும்பும் அடிபடுவது அதனால்தான்.
12, 14 கிலோ பிள்ளைக்கு வேண்டியது ஐந்துமுனை ஹார்னஸ், அதாவது இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவில் என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற வார், உள்ள சீட். வாங்குமுன் அதன் புத்தகத்தைப் படியுங்கள். சில சீட்டை இடுப்புப் பெல்ட்டால் கட்டலாம், பலவற்றை மூன்றுமுனைப் பெல்ட்டால் மட்டுமே கட்ட முடியும். பெல்ட் இல்லாமலே சைல்ட் சீட்டை மாட்ட வண்டியிலேயே வைத்திருக்கிற ஐசோஃபிக்ஸ் கொக்கியை டிராவலரில் எதிர்பார்க்காதீர்கள்.
கட்டும்போது உங்கள் முழங்காலை சீட்டில் அழுத்தி, உடம்புப் பாரத்தைக் கொடுத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டுங்கள். பிறகு பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டிப் பார்ப்பது தப்பு, நன்றாகக் கட்டின சீட்டும் அங்கே கொஞ்சம் ஆடும். முன்பக்கம் பார்த்து மாட்டின சீட்டில் தோள்பட்டை வார் பிள்ளையின் தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ வெளியே வர வேண்டும். வாரைப் பூட்டி இறுக்கினபின் தோளருகே அதை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் தளர்வு இருக்கிறது. ஜனவரிக் காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். அதன்மேல் வார் போட்டால் இறுக்கின மாதிரி தெரியும், மோதலில் கம்பளி அமுங்கி வார் தொளதொளத்துவிடும். கழற்றிவிட்டுப் பூட்டி, மேலே துண்டைப் போர்த்துங்கள். முதுகில் பையோடு உட்கார வைப்பதும் அதே தவறு.

மழலைமிஸ்
சரி, ஹார்னஸ் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். 18 சீட்டுக்கு வழியில்லை. 6 சீட் வாங்கினால் 36,000, அது முடியும். ஆனால் அப்போது மூன்று சனிக்கிழமை மூன்று பயணம். ரோட்டில் ஓடுகிற தூரம் மூன்று மடங்கு. அதுவும் ஆபத்தைக் கூட்டுவதுதானே?

இருக்கைப்பட்டை
வண்டிக்கும் டிரைவருக்கும் உங்களுக்கும் மூன்று மடங்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே ஒரு பயணம்தான், ஆனால் கட்டின பயணம். எத்தனை பிள்ளை என்பதை இதுவரை ஆர்.சி. புக்கில் இருக்கிற இருக்கை எண்ணிக்கையிலிருந்து எடுத்தீர்கள். அதை ஹார்னஸ் எண்ணிக்கையிலிருந்து எடுங்கள். டிராவலரும் தேவைப்படாது. 7 இருக்கை டாக்ஸி இரண்டு, மூன்றுமுனைப் பெல்ட் உள்ளதாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நடு வரிசை ஜன்னலோரம் இரண்டு பிள்ளை, பின் வரிசையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு மிஸ். முந்தின நாள் சாயங்காலமே சீட்டுகளை மாட்டிப் பார்த்துவிடுங்கள். காலையில் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு மாட்டினால் அவசரத்தில் ஒன்றாவது தளர்வாகத்தான் போகும்.

மலைப்பாதை ஓட்டுநர்
இது எனக்கும் சம்மதம். 6 பேர் என்றால் எண்ணுவதும் சுலபம். எண்ணும்போது "ஆறு பேர் இருக்காங்க" என்று தலையை மட்டும் எண்ணாதீர்கள், வேறு கூட்டத்துப் பிள்ளை கலந்தாலும் ஆறு ஆறுதான். பேர் சொல்லி, முகம் பார்த்து, தாளில் குறியுங்கள்: ஏறினதும், இறங்கினதும், பூங்கா வாசலில், திரும்ப ஏறினதும், காப்பகத்தில் இறங்கினதும். கடைசியில் டிரைவர் பின் சீட்டு வரை ஏறிக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். தூங்கின பிள்ளை சீட்டுக்குக் கீழே சரிந்து கிடக்கும். வெயிலில் பூட்டின வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் 10 டிகிரி கூடும். சின்னப் பிள்ளை உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். நம்ம ஊர் வெயிலுக்கு ஜனவரி என்று நம்பி விடாதீர்கள்.

மூணுவயசம்மா
சட்டையில் பேர் எழுதின அட்டை குத்துவார்களா? யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் மகள் போய்விடுவாள்.

மழலைமிஸ்
பேர் வெளியே தெரியாது அம்மா. காப்பகத்தின் போன் நம்பர் மட்டும் துணிப்பட்டையில் எழுதிக் கையில் கட்டுவோம். பேரும் ரத்த வகையும் மருந்து ஒவ்வாமையும் எழுதின தாள் இரண்டு வண்டியிலும் மிஸ் பையில் இருக்கும், காப்பகத்திலும் ஒரு பிரதி.
6 சீட், மூன்று சனிக்கிழமை என்பதற்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 18 பேரும் ஒன்றாகப் போகிற சந்தோஷம் இதில் இல்லை, அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு எல்லாரையும் பெற்றோரே கொண்டுவந்து விட்டால் வண்டிப் பிரச்சினையே இல்லையே?

இருக்கைப்பட்டை
பிரச்சினை உங்கள் வண்டியிலிருந்து 18 பைக்குக்கு மாறும். டேங்க் மேல் ஒன்று, நடுவில் ஒன்று என்று வருவார்கள். அதை நான் ஏற்க மாட்டேன்.

மலைப்பாதை ஓட்டுநர்
இதில் நான் மிஸ் பக்கம். பெற்றோர் தினமும் அப்படித்தான் காப்பகத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். கோட்டைக்கு வருவதால் புது ஆபத்து பெரிதாக இல்லை. அங்கே பார்க்க வேண்டியது அகழி. மதில் ஓரமாக நடத்தாமல், வாசலில் நுழைந்ததும் நேராக அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப் போங்கள். 18 பேருக்கு 5 பேர் போதாது, பெற்றோரில் பாதிப் பேரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியவர் ஒரு கைக்கு ஒரு பிள்ளை.

மழலைமிஸ்
அப்படியானால் 9 பெற்றோர், நாங்கள் 5 பேர், 28 கை. பத்துக் கை மிச்சம். கோட்டைக்கு இது சரிவரும். அமிர்திக்கு முதல் ஆறு பேர் பட்டியலைப் பிள்ளைகளின் எடை பார்த்துப் போடுகிறேன். சீட் அளவு அதைப் பொறுத்ததுதானே, இருக்கைப்பட்டை சார்?

இருக்கைப்பட்டை
எடையும் உயரமும் இரண்டும். சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற ஆரஞ்சு நிற ஸ்டிக்கரில் பாருங்கள். 9-லிருந்து 18 கிலோ வரை என்றிருந்தால் உங்கள் 18 பேரில் அநேகமாக எல்லாருக்கும் அதே ஆறு சீட் ஒத்துவரும். வாரின் உயரத்தை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தந்தப் பிள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.