துபாய்க்கு இரண்டரை மணி நேரம் என்று நம்பிய பயணம்

கிருஷ்ணகிரியிலிருந்து துபாய் செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கே ஓர் அன்பர் கேட்டிருந்தார். பெங்களூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்று பலரும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு அந்த விடை மட்டும் போதாது என்பதை என் அம்மாவுடன் சென்றபோது பட்டு அறிந்தேன்.

அங்கே வேலை பார்க்கும் தம்பியைக் காண ஒரு தை மாதத்தில் புறப்பட்டோம். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. காலையில் மாத்திரை போட்டால் மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். பயணச்சீட்டில் புறப்பாடு காலை 10.25, வருகை பகல் 12.55 என்று இருந்ததால், இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடுவோம் என்று கணக்கிட்டு, விமானத்தில் உணவுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அதிகாலை மூன்றரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். ஓசூரைத் தாண்டி, பெங்களூர் நகருக்குள் நுழையாமல் அத்திப்பள்ளியிலிருந்து சர்ஜாபூர், ஒசகோட்டை வழியாக விமான நிலையம் உள்ள தேவனஹள்ளி சேரும்போது மணி ஏழு. 2008-க்கு முன்பு விமான நிலையம் நகரத்தின் நம் பக்கத்திலேயே இருந்தது. இப்போது நகரத்தைத் தாண்டி வடக்கே போக வேண்டியிருக்கிறது.

மதியம் ஒன்றரை மணிக்கும் கீழே கடலே தெரிந்தது. "கை நடுங்குது கண்ணு" என்று அம்மா சொன்னபோது அவர் நெற்றி முழுவதும் வியர்த்திருந்தது. பணிப்பெண் ஓடிவந்து கொடுத்த பழச்சாறும், பின்னிருக்கையில் இருந்த ஓர் அம்மையார் நீட்டிய பிஸ்கட்டும்தான் அன்று காப்பாற்றின. என் கைக்கடிகாரத்தில் மணி 2.25 ஆனபோது விமானம் தரையிறங்கியது; அப்போது துபாயில் 12.55.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கணக்கிலும், சேரும் நேரம் சேரும் ஊரின் கணக்கிலும் அச்சிடப்படுகின்றன. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையையும், அமீரக நேரம் 60 பாகையையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் 22.5 பாகைக்குத் தொண்ணூறு நிமிட வேறுபாடு வருகிறது. போகும்போது அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டியும், வரும்போது கழித்தும் பார்க்க வேண்டும். திரும்பும்போது இரவு 9.30-க்குக் கிளம்பி 2.50-க்கு இறங்கினோம், சீட்டின்படி ஐந்து மணி இருபது நிமிடம், உண்மையில் மூன்று மணி ஐம்பது நிமிடம். அதே 2,700 கிலோமீட்டர் தொலைவுக்குப் பத்து நிமிடம் குறைந்ததற்குக் காரணம், குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதே.

வீட்டு வாசலிலிருந்து தம்பியின் அறைவரை எங்களுக்கு ஆனது பன்னிரண்டரை மணி நேரம். அதில் விமானத்தில் கழிந்தது நான்கு மணி நேரம்தான்.

அடுத்த முறை சென்றபோது அம்மாவின் கடிகாரத்தை அங்கே போய்ச் சேரும்வரை மாற்றவில்லை. பொடி தடவிய நான்கு இட்லிகளைக் கைப்பையில் வைத்திருந்து, அந்தக் கடிகாரத்தில் சரியாக ஒரு மணி ஆனதும் எடுத்துக் கொடுத்தேன்.