சாப்ஸ்டிக்: குச்சியை மாற்றுவதா, பிடியை மாற்றுவதா?

கேள்வி:
தினமும் சாப்பிட, சமைக்க சாப்ஸ்டிக் பழகிக்கொண்டிருக்கிறேன். இருப்பது வழவழப்பான எவர்சில்வர் ஜோடி. நூடுல்ஸ் வழுக்குகிறது, நுனிகள் குறுக்காகப் பின்னிக்கொள்கின்றன, கொஞ்ச நேரத்திலேயே கட்டைவிரல் அடியில் வலி. கோளாறு குச்சியிலா, கையிலா? இதையே வாணலியிலும் விடலாமா?

பதில் 1:
வழுக்குவது குச்சியால், பின்னுவது கையால். உலோகக் குச்சி கொரியாவில் அன்றாட வழக்கம்தான், ஆனால் அங்கே சோற்றுக்கும் சூப்புக்கும் கூடவே கரண்டி இருக்கும். சீனக் குச்சி சுமார் 25 செ.மீ., நுனி மழுங்கல். நடுவில் வைத்த பொதுத் தட்டை எட்டுவதற்காக அந்த நீளம். ஜப்பானியக் குச்சி குட்டை, நுனி கூர்மை. மீனில் முள் பிரிக்க அதற்கு ஈடில்லை. பழகும் கைக்கு மெருகு போடாத மூங்கில் வாங்குங்கள், அல்லது நுனியில் சன்னமாக வரி வெட்டிய மரம். மேல்பாதி சதுரமாகவோ எண்கோணமாகவோ இருந்தால் விரலில் உருளாது.

நீளத்துக்கு ஜப்பானில் ஒரு கைக்கணக்கு உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, இரு விரல் நுனிகளுக்கு நடுவே நேராக அளந்து, ஒன்றரையால் பெருக்குங்கள். 15 செ.மீ. என்றால் 22.5 செ.மீ. குச்சி.

பதில் 2:
பிடிக்கு வருகிறேன். கீழ்க்குச்சி அசையவே கூடாது. கட்டைவிரல் இடுக்கில் அதன் மேல்பகுதி, மோதிர விரலின் பக்கவாட்டில் கீழ்ப்பகுதி. இந்த இரண்டு இடத்திலும் அது சும்மா படுத்திருக்கட்டும். மேல்குச்சியைப் பென்சில் மாதிரி ஆள்காட்டி விரல், நடுவிரல், கட்டைவிரல் நுனியால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள்.

முதலில் மேல்குச்சியை மட்டும் பிடித்து ஆட்டிப் பழகிவிட்டு, பிறகு கீழ்க்குச்சியைச் செருகுங்கள். நுனி பின்னினால் கீழ்க்குச்சி நகர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தட்டில் லேசாகத் தட்டிச் சமமாக்குங்கள். வலிக்குக் காரணம் கட்டைவிரலால் அழுத்துவது. நுனிக்குப் பக்கத்தில் பிடித்தாலும் அழுத்தத் தோன்றும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் பிடியுங்கள்.

பதில் 3:
வாணலியில் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம். பிடி சுடும், நான்ஸ்டிக் பூச்சும் கீறும். மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடான எண்ணெயில் விடவே கூடாது. சமையலுக்கென்று 30 செ.மீ.க்குக் குறையாத, மெருகில்லாத மூங்கில் ஜோடி தனியாக இருக்கட்டும். ஜப்பானியச் சமையல் குச்சிகளின் தலையில் நூல் கட்டியிருப்பார்கள். அடுப்பருகே இடைஞ்சலாக இருந்தால் வெட்டிவிடலாம்.

எண்ணெய்ச் சூட்டையும் அந்த மூங்கில் குச்சியே சொல்லும். நன்றாகத் துடைத்த நுனியை எண்ணெயில் விடுங்கள். ஒன்றிரண்டு குமிழி மெதுவாக எழுந்தால் சூடு போதாது. சிறு குமிழிகள் விடாமல் வந்தால் ஏறத்தாழ 170–180 டிகிரி செல்சியஸ், பொரிக்கலாம். குச்சி முழுக்கச் சடசடவென்று பொங்கினால் தீயைக் குறையுங்கள். ஈரக் குச்சி பொய்க் குமிழி காட்டும், எண்ணெயும் தெறிக்கும். பச்சை இறைச்சியைத் தொட்ட ஜோடியால் வெந்ததை எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. மூங்கிலை எப்படிக் கழுவுவது?

பதில் 1:
ஊறவிடாமல் உடனே கழுவித் துடைத்து, நுனி மேலே இருக்கும்படி காற்றில் நிறுத்துங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூசணம் பிடிக்கும். அரக்குப் பூச்சுக் குச்சி டிஷ்வாஷரில் உரிந்துவிடும். நுனி சிலும்பினாலோ கருத்தாலோ தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று: ஜப்பானியர், சீனர் வீட்டில் சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. கை ஓயும்போது தட்டின் அருகே படுக்கவையுங்கள்.