மழைக்காலத்தில் மாடு ஏன் தண்டவாளத்தில் ஏறுகிறது?

பெகூக்காரன்:
பர்மாவில் பெகூ – மோல்மீன் ரயில் பாதையில் நடவு முடிந்ததும், மாடு மறித்து ரயில் தாமதமாவது கூடிவிடுகிறது. கோடையில் இவ்வளவு இல்லை. அடிபடுவதில் நம்மவர் மாடுகளும் உண்டு. ஒரு மாட்டுக்காக வண்டி அவ்வளவு நேரம் நிற்பானேன்? மாடு வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

எஞ்சின்மேடை:
50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. பிரேக் போட்ட பிறகும் 300 மீட்டர் அளவுக்குப் போய்த்தான் நிற்கும். வளைவில் அந்தத் தூரம் கண்ணுக்கே தெரியாது. மோதினால் உடல் அடியில் உருண்டு, பெட்டிகளுக்கு நடுவே தொங்கும் பிரேக் ஹோஸ் என்ற ரப்பர் குழாயைப் பிய்த்துவிடும். ஹோஸ் போனால் வண்டி முழுக்கப் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கார்டும் டிரைவரும் இறங்கி ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்க வேண்டும், உடலை இழுத்துப் போட வேண்டும், ஹோஸ் மாற்ற வேண்டும். அது ஒற்றைப் பாதை. எதிர்வண்டியும் ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும்.

ஹாரனுக்கு மாடு இறங்காததற்கும் காரணம் உண்டு. இருபுறமும் சரிவு, கீழே தண்ணீர். அதனால் தண்டவாளத்தின் நடுவிலேயே நேராக ஓடும். கன்று ஒரு பக்கம், தாய் மறுபக்கம் என்றால் இன்னும் மோசம்.

தொழுவம்:
பெகூ அண்ணே, மேய்ச்சலுக்காக மட்டும் ஏறுவதில்லை. வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது, ரயில் மேடு ஒன்றுதான் காய்ந்த இடம். காற்றும் வரும், கொசுவும் குறைவு. இரவில் ஜல்லி மேலேயே படுத்து அசைபோடும். கயிற்றை மட்டும் இறுக்கினால் அறுத்துக்கொண்டு போகும். வீட்டிலேயே காய்ந்த படுக்கை கொடுங்கள்: மாட்டுக்கு 4 அடிக்கு 7 அடி, தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே, அடியில் செங்கல் துண்டு, மேலே மணல். மூத்திரம் வடிய லேசான சரிவு அவசியம். இல்லாவிட்டால் குளம்பு அழுகும்.

பெகூக்காரன்:
கொசுவுக்கு?

தொழுவம்:
பழைய தகரத்தில் உமியை நிரப்பிக் கங்கு போட்டு, மேலே ஈர வைக்கோல். காற்று வரும் பக்கம், கூரைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். தீ எரியக் கூடாது, புகைய வேண்டும்.

பகலில் கட்டும்போது முளைக்குச்சி 3 அடி இருக்கட்டும், 2 அடி மண்ணுக்குள் போகட்டும். ஈர மண்ணில் குட்டை முளை பிடுங்கிக்கொள்ளும். கயிறு 12 அடி என்றால், மேட்டின் அடியிலிருந்து 30 அடியாவது தள்ளி அடியுங்கள்.

எஞ்சின்மேடை:
பாலத்துக் கட்டைகளுக்கு நடுவே கால் சிக்கினால், முதலில் மாட்டை இழுக்காதீர்கள். ஒருவர் ஸ்டேஷனுக்கோ கேட்காரருக்கோ சொல்லட்டும். வண்டி வரும் பக்கம் ஒருவர் தண்டவாளத்தின் ஓரமாக ஒரு கிலோமீட்டராவது ஓடி, பகலில் சிவப்புத் துணியையும் இரவில் டார்ச்சையும் வேகமாக ஆட்டட்டும். வண்டி நின்ற பிறகுதான் கட்டையில் கை வைக்க வேண்டும்.