ஃப்ரீரன் முதல் எபிசோட்: குடும்ப குரூப்பில் ஞாயிறு இரவு

மீனா அக்கா: ஃப்ரீரன்ங்கிற ஜப்பானிய அனிமே தொடரோட முதல் எபிசோட் எல்லாரும் முடிச்சாச்சா? கதையைச் சொல்லித்தான் பேசப்போறேன். பார்க்காதவங்க அப்புறமா வந்து படிங்க.

பிரபு: பார்த்தாச்சுக்கா. மத்த கதை முடியுற இடத்துல இது ஆரம்பிக்குது. அசுர ராஜாவைக் கொன்னுட்டு வீரன் ஹிம்மல், மந்திரக்காரி ஃப்ரீரன், கோடாலி வீசற ஐசன், பாதிரியார் ஹைட்டர்னு நாலு பேரும் ஊர் திரும்புறாங்க, இனி என்ன வேலை பார்க்கலாம்னு பேசிக்கிட்டே.

கார்த்தி: எனக்கு ஒரு குறை. ஹிம்மல் முதல் எபிசோடுலயே செத்துடுறார். ஆள் நமக்கு இன்னும் பழகவே இல்லை, எப்படி அழுகை வரும்?

மீனா அக்கா: வேணும்னேதான்டா அப்படி வச்சிருக்காங்க. 10 வருஷம் கூடவே நடந்தும் இந்த மனுஷனைத் தெரிஞ்சுக்க முயற்சியே பண்ணலையேன்னுதான் அடக்கத்துல ஃப்ரீரன் அழறா. அவளுக்குத் தெரிஞ்ச ஹிம்மல்தான் நமக்கும் தெரியும். மீதியை அடுத்த 27 எபிசோடுல பழைய ஞாபகமா கொஞ்சம் கொஞ்சமா தருவாங்க.

பிரபு: கணக்குப் போட்டுப் பாரு கார்த்தி. அவ 1000 வருஷத்துக்கு மேல வாழ்ந்த எல்ஃப், அதாவது ரொம்ப நீண்ட ஆயுசு உள்ள கற்பனை இனம். அந்த 10 வருஷம் அவ ஆயுசுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. 80 வயசு மனுஷனுக்கு அது பத்து மாசம் மாதிரி. அதான் 50 வருஷத்துக்கு ஒருமுறை வர்ற எரா விண்கல் மழை பார்க்கும்போது, “இன்னும் நல்லாத் தெரியுற இடம் ஒண்ணு இருக்கு, 50 வருஷம் கழிச்சுக் கூட்டிட்டுப் போறேன்”னு அடுத்த வாரம் மாதிரிச் சொல்றா. அந்த நேரம் மத்த மூணு பேர் முகத்தையும் பாரு.

லதா சித்தி: கொம்பை யாரும் சொல்லலையேப்பா! கருப்பு டிராகன் கொம்பை ஹிம்மல்கிட்ட குடுத்துட்டுப் போறா. எங்கயாவது போட்டு வைப்பார்னு அவ நினைப்பு. அவர் அதை 50 வருஷம் வீட்டு அலமாரியிலயே வச்சிருக்கார். அதுலயிருந்து கெட்ட சக்தி வேற கசியுது! தோழி நம்பிக் குடுத்த பொருள், திருப்பித் தரணும்கிறது மட்டும்தான் அவருக்கு. அடக்கத்தைவிட எனக்கு நெஞ்சை அடைச்சது அந்த அலமாரிதான்.

மீனா அக்கா: கரெக்ட் சித்தி. 50 வருஷம் கழிச்சு அவ வந்து பார்த்தா வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி, குள்ளமாயிட்ட ஹிம்மல். அவகிட்ட ஒரு மாற்றமும் இல்ல.

கார்த்தி: சரி, ஒத்துக்கறேன். 1.25 வேகத்துல ஓட்டினேன், அதனாலயா?

மீனா அக்கா: ஐயோ, அதான் காரணம்! ஒருத்தர் பேசினதுக்கும் அடுத்தவர் பதிலுக்கும் நடுவுல விடுற அமைதியிலதான் இந்தக் கதையே இருக்கு. வேகம் கூட்டினா முதல்ல காணாமப் போறது அதுதான். சாதாரண வேகம், ஹெட்போன், ஜப்பானிய ஆடியோ, சப்டைட்டில். இசை ஈவன் கால், வயலட் எவர்கார்டன் அனிமேக்குப் போட்டவர்தான். ஃப்ரீரன் குரல் அட்சுமி தனெசாகி, ஸ்பை ஃபேமிலி அனிமேல குட்டிப் பொண்ணு அன்யாவுக்குக் குரலும் அவங்களேதான். எவ்வளவு அடக்கிப் பேசறாங்க பாரு!

பிரபு: ஒண்ணோட நிறுத்தாத. 29-09-2023 அன்னிக்கு ஜப்பான் டிவில முதல் 4 எபிசோடையும் சேர்த்து 2 மணி நேரமா போட்டாங்க. அப்படியே பார்க்கணும்.

லதா சித்தி: பேரெல்லாம் ஜெர்மன் சொல்லு. ஹிம்மல் வானம், ஐசன் இரும்பு, கடைசியில வர்ற குட்டிப் பொண்ணு ஃபெர்ன்னா தொலைவு. ஃப்ரீரன்னா குளிர்ல உறையறது.

கார்த்தி: அடக்கம் முடிஞ்சதும் ஐசனைக் கூட வரச்சொல்லிக் கேப்பாளே சித்தி?

லதா சித்தி: ஆமா. கோடாலி வீசற வயசு போயிடுச்சுங்கறார். குள்ளர் இனம், பார்த்தா அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்கார். அதனாலதான் அவர் வாயால அதைக் கேட்டதும் பக்குனு இருந்துச்சு.