செம்மண் பாதைக்கு ஒரு குட்டி ஜிப்ஸி: துரு ஏன் பொம்மைத்தனமாகத் தெரிகிறது?

அல்சூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கடந்த ஓராண்டாக, கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் ரேடியோ கட்டுப்பாட்டு டிரெயில் வண்டியின் சேஸ் (அடிச்சட்டம்) ஒன்றின் மேல், 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, மாருதி ஜிப்ஸியின் பாடியை உருவாக்கி வருகிறேன். சேஸைப் பத்தில் ஒரு பங்கு அளவு என்றுதான் விற்றார்கள். ஆனால் அதன் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 313 மி.மீ.; உண்மையான ஜிப்ஸியில் அது 2375 மி.மீ. ஆகவே பத்துக்கு ஒன்று என்பதைக் கைவிட்டு 7.6-க்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால் 1540 மி.மீ. அகலம் ஏறக்குறைய 203 மி.மீ. ஆகி, சேஸின் அகலத்தோடு இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

இதுவரை மகிழ்ச்சிதான். பெயின்ட் அடித்த பிறகே சிக்கல் தொடங்கியது. துருநிற அடிப்பூச்சின் மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, அதன்மேல் வெள்ளை நிறம் பூசி, தண்ணீர் தொட்டுச் சுரண்டினால் பெயின்ட் உதிர்ந்தது போலத் தெரியும் என்று படித்துச் செய்தேன். அரைமணி நேரம் சுரண்டியும் ஒன்றும் பெயரவில்லை. கத்தியை வைத்தபோது அடிப்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து ஏபிஎஸ் பளிச்சிட்டது. பிறகு பழுப்பு நிறத்தைத் தூரிகையால் ஆங்காங்கே தீற்றினேன். வண்டி சாக்லேட் தின்ற குழந்தையின் வாய் போல இருக்கிறது.

இன்னொன்று: மேலே இரும்புக் கேரியர், அதில் ஒரு ஸ்பேர் வீல், இரண்டு பித்தளை ஜெரி கேன்கள் (எரிபொருள் கேன்கள்) வைத்த பிறகு, பக்கச் சரிவில் வண்டி உடனே உருண்டுவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய டப்பாக்காரன்:

வணக்கம் நண்பரே. வெள்ளை நிறத்தை ஸ்ப்ரே கேனிலிருந்து அடித்தீர்களா? பெரும்பாலான ஸ்ப்ரே கேன்களில் இருப்பது தண்ணீர் ஊடுருவாத லாக்கர் அல்லது எனாமல் வகைப் பெயின்ட். ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் கரைவதால்தான் இந்த உத்தி பலிக்கிறது. மேல்பூச்சு தண்ணீரை உள்ளே விடாவிட்டால் அடியில் இருப்பது எப்படிக் கரையும்? துருநிறத்தை லாக்கரில் அடித்து, ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, ஹேர் ஸ்ப்ரேயை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, அது காய்ந்ததும் தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பெயின்டை மட்டும் பூசுங்கள். மேல்பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தவுடன், அன்றைக்கே, வெதுவெதுப்பான நீரைத் தூரிகையால் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டுப் பல்குச்சியால் நெருடினால் போதும். மறுநாளுக்குத் தள்ளிப்போட்டால் அக்ரிலிக் இறுகிவிடும். மழை நாளில் லாக்கர் அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் சேர்ந்து வெள்ளை பூத்துவிடும். நம் ஊரில் ஜூன் தொடங்கி அக்டோபர் வரை இந்தத் தொல்லை உண்டு.

அளவையும் கவனியுங்கள். உங்கள் கணக்குப்படி, உண்மையான வண்டியில் ஒரு சென்டிமீட்டர் பெயின்ட் உதிர்ந்திருந்தால் உங்கள் வண்டியில் அது 1.3 மி.மீ. மட்டுமே. நீங்கள் தீற்றியிருப்பது, படமில்லாமலே ஊகிக்கிறேன், உண்மையான வண்டியின் அளவில் கைக்குட்டை அகலத் துருவாக இருக்கும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, நிறத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதை மட்டும் விளிம்புகளில் ஒற்றிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், துரு அங்கே வருவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது. முதலில் நான் கட்டியது லேண்ட் ரோவர் டிஃபெண்டர். கதவிலும் மட்கார்டிலும் துருவை வாரி இறைத்து, சிவாஜிநகரில் நாற்பது ஆண்டுகள் வண்டி பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருந்த என் பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அலுமினியம் எப்போதிலிருந்து துருப்பிடிக்க ஆரம்பித்தது?" என்றார். அந்த வண்டியின் வெளித்தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சேஸும் கதவின் உள்சட்டமும் பல்க்ஹெட்டும் (என்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பு) தான் இரும்பு. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் பெயின்ட் கொப்பளித்து வெண்பொடிதான் வரும். உங்கள் ஜிப்ஸி முழுக்க இரும்புத் தகடு என்பதால் தப்பித்தீர்கள். ஆனாலும் நீர் தேங்கும் இடங்களில்தான் துரு வைக்க வேண்டும்: கூரை ஓரத்து நீர்க்கால், கதவின் அடிவிளிம்பு, கீல்களின் கீழே, பின்கதவு மூலைகள். பானட்டின் நடுவில் துரு வேண்டாம்; அங்கே வெயிலில் நிறம் வெளுத்திருந்தாலே போதும்.

செம்மண் பாதை:

முந்தைய பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். தூசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன். கடையில் விற்கும் நிறப்பொடியை வாங்க வேண்டாம். வண்டியை எங்கே ஓட்டுகிறீர்களோ அந்த மண்ணையே ஒரு பிடி எடுத்து வாருங்கள். நான் கனகபுரா சாலைப் பக்கத்துச் செம்மண்ணை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துச் சலித்தேன். விரலில் தேய்த்தால் குங்குமம் போல வழுக்க வேண்டும், நெருடினால் மறுபடி சலிக்க வேண்டும். மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் அது இந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும். சலித்த மண்ணை பெயின்ட் கரைக்கும் மினரல் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, சக்கர வளைவுகளிலும் முன்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள கதவின் அடிப்பகுதியிலும் ஊற்றினாற்போல் தடவி, காய்ந்த பின் உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தெடுங்கள். பின்கதவில் தாராளமாக விடலாம். ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று தூசியை அங்கேதான் கொண்டுபோய் அப்புகிறது. முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவை மட்டும் சுத்தமாக விட்டால் பார்ப்பவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

மேலே மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் மண்ணின் நிறம் கறுத்துப் பாதி மறைந்துவிடும். அடிப்பாகத்தில் மட்டும் அடித்து, மற்ற இடங்களை அப்படியே விடுகிறேன். உதிர்ந்தால் என்ன, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

உருளும் சிக்கலுக்கு வருகிறேன். பித்தளைக் கேன்களைக் கூரையில் வைத்தது, மன்னிக்கவும், தலையில் அம்மியை வைத்துக்கொண்டு கயிற்றில் நடப்பதைப் போன்றது. கேன்களை உள்ளீடற்ற பிளாஸ்டிக்கில் செய்யுங்கள், கேரியரை மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் குச்சிகளில் கட்டுங்கள், அந்தப் பித்தளையை முன்சக்கரங்களின் உள்வளையத்தில் பொருத்துங்கள். பேட்டரியையும் முன்னால், சேஸ் சட்டத்தின் மட்டத்துக்கு இறக்குங்கள். எடையை முன்னால் கூட்டினால் ஸ்டியரிங் சர்வோவுக்கு (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) சுமை ஏறும். அது சிணுங்கினால் நிறுத்திவிடுங்கள்.

அல்சூர்க்காரன்:

இருவருக்கும் நன்றி. மேல்பூச்சு ஸ்ப்ரே கேன் லாக்கர்தான், தவறு புரிந்தது. நேற்று ஒரு பலகையில் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, பலகையை மெல்லத் தூக்கி, கைபேசியின் சாய்வுமானியில் அளந்தேன். கேரியரோடு 29 டிகிரியில் கவிழ்ந்தது. கேரியரையும் கேன்களையும் எடுத்ததும் 38 வரை நின்றது. ஒரு சந்தேகம்: முன் பம்பர் உண்மையான இரும்பு. அதற்கும் பெயின்டில்தான் துரு வரைய வேண்டுமா?

பழைய டப்பாக்காரன்:

வேண்டாம். பம்பரைக் கழற்றி, பெயின்டை உரித்து, வினிகரில் உப்பைக் கரைத்துத் தடவி ஓர் இரவு திறந்த இடத்தில் வையுங்கள். காலையில் ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கும். சமையல் சோடா கரைத்த நீரில் அலசிக் காயவைத்த பிறகே வண்டியில் மாட்டுங்கள். பேரிங்குகளின் பக்கம் அந்தக் கரைசலைக் கொண்டுபோகாதீர்கள்.