மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி: வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா?

செம்பருத்தி:
230 வோல்ட் நாட்டிலிருந்து 120 வோல்ட் நாட்டுக்குக் குடும்பத்தோடு குடிபோகிறோம். லேப்டாப், போன் சார்ஜர்கள், 750 வாட் மிக்ஸி, 1000 வாட் இஸ்திரிப்பெட்டி, ஒரு மேசை விசிறி இருக்கின்றன. எதை எடுத்துப் போகலாம்?

வடகாற்று:
சார்ஜர்கள் மட்டும் போதும். அவற்றின் பின்பக்கம் பொடி எழுத்தில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் வாங்கினால் போதும். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. இதைக் குழப்பிக்கொண்டுதான் பலரும் சாமானைப் பாழாக்குகிறார்கள்.

இஸ்திரிப்பெட்டி வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 1000 வாட் பெட்டி அங்கே சுமார் 270 வாட்தான் தரும், சுருக்கம் போகாது. விசிறி மோட்டார் சுற்றத் திணறிச் சூடேறும். மிக்ஸியும் அப்படித்தான்.

தாழை:
இஸ்திரிப்பெட்டி, விசிறி சரி. மிக்ஸியை விட்டுப் போகச் சொல்வதை ஏற்க மாட்டேன். அதில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். 50 ஹெர்ட்ஸோ 60 ஹெர்ட்ஸோ, அதற்குக் கவலையில்லை. வோல்டேஜ் மட்டும் சரியாக இருந்தால் போதும். 120-ஐ 230 ஆக ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது.

புது நாட்டில் முதல் சில மாதம் தெரு, பேச்சு, படிவம், பேருந்து எல்லாமே புதுசு. குமிழை எவ்வளவு நேரம் திருப்பினால் என்ன பதம் வரும் என்று கைக்குத் தெரிந்த ஒரு சாமான் அப்போது சமையலறையில் இருப்பது பெரிய ஆறுதல். மிக்ஸிக்குப் பதில் உயரமான கண்ணாடி ஜார் வைத்த பிளெண்டரில் கொஞ்சமாகப் போட்டால் பிளேடுக்கு அகப்படாமல் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால்தான் இறங்கும். கெட்டியாக அரைக்க அது லாயக்கில்லை.

வடகாற்று:
எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று சொல்லாமல் "வேலை முடிந்தது" என்றால் எப்படி? 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 1500 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். இரும்பு உள்ளகம் வைத்த அந்தப் பெட்டி பல கிலோ கனக்கும், சும்மா செருகி வைத்தாலே முனகும், மின்சாரமும் கொஞ்சம் தின்னும். பயணத்துக்கென்று விற்கும் கையடக்க கன்வெர்ட்டர்களில் பல, சூடாக்கும் கம்பிச் சாதனங்களுக்கு மட்டுமே ஆனவை. மோட்டாரை அதில் மாட்டினால் கருகும்.

எர்த் இன்னொரு பிரச்சினை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகினால் எர்த் அறுந்துபோகிறது. அப்புறம் உலோக உடலில் கசிவு வந்தால் கையில்தான் அடிக்கும்.

ஆறுதல் பற்றிச் சொன்னீர்கள். புதுச் சாமானைப் பழகுவதே குடிபுகுவதில் பாதிச் சந்தோஷம் என்பேன். பிரிட்டனில் 3000 வாட் கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டே நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும். அமெரிக்காவில் 1500 வாட் கெட்டிலுக்கு நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்துக்குள் வேறு எந்த வேலையைச் செருகலாம் என்று கை தானே கற்றுக்கொள்கிறது. ஊர் பிடிபடுவது இப்படித்தான்.

தாழை:
எர்த் விஷயத்தில் மறுப்பில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சாக்கெட்டிலும் சுவரிலும் எர்த் துளை இருக்க வேண்டும். கனம் ஒரு குறையா? அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பெட்டியில் சுமக்க வேண்டியதில்லை. பிரேக்கர் விழுவதுதான் அசல் தொல்லை. மிக்ஸி 120 வோல்ட் பக்கம் 6, 7 ஆம்பியர் இழுக்கும். அதே 15 ஆம்பியர் லைனில் மைக்ரோவேவும் ஓடினால் சட்டென்று விழும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் போதும்.

மின்னல்கொடி:
இருவரும் விட்டுவிட்ட ஒன்று: இதே வடிவ மிக்ஸியை 110–120 வோல்ட்டுக்கென்றே செய்து விற்கிறார்கள். கெட்டியாக அரைக்க வேண்டும், பழகிய ஜார் வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்றால் அதுதான் வழி. ஆனால் திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்து 230 வோல்ட்டில் செருகாதீர்கள், நொடியில் போய்விடும்.

வடகாற்று:
அப்படியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய மிக்ஸிக்காக டிரான்ஸ்ஃபார்மர் கட்டி அழுவதைத்தான் வேண்டாம் என்றேன்.

தாழை:
இருக்கிற நல்ல மிக்ஸியை விட்டுவிட்டு இன்னொன்று வாங்குவது எனக்கு இன்னும் வீண்செலவாகத்தான் படுகிறது. செம்பருத்தி, ஜப்பான் போகிறவர்கள் யாராவது கேட்டால் அங்கே 100 வோல்ட் என்று சொல்லுங்கள், டிரான்ஸ்ஃபார்மரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

மின்னல்கொடி:
சார்ஜர்களுக்கு ஒரு யோசனை. சர்ஜ் பாதுகாப்பு (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுப்பது) இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று எடுத்துப் போங்கள். ஒரே அடாப்டரில் நான்கைந்து சார்ஜர் மாட்டலாம். லேப்டாப் 65 வாட், போன்கள் 20 வாட் வீதம் என்றாலும் 1 ஆம்பியர் அளவில்தான் வரும். அதில் ஹீட்டர் மட்டும் செருகாதீர்கள்.