வாட்ஸ்அப் வருது, வெப்சைட் வரல: உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

குரோம்பேட்டைக்காரன்

சாயங்காலம் ஏழு மணி தாண்டினா எங்க வீட்ல ஒரு கூத்து. வைஃபை குறி முழுசா இருக்கும். நெட் பாக்ஸ்ல (ரவுட்டர்) பச்சை விளக்கெல்லாம் ஒழுங்கா எரியும். வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்து விழுந்துக்கிட்டே இருக்கும். குரோமைத் திறந்தா மட்டும் ‘டிஎன்எஸ் புரோப்’னு ஆரம்பிக்கிற எரர் பக்கம். அப்பா “நெட் கட்டு”ம்பார், தங்கச்சி “எனக்கு வருதே”ம்பா. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்.

கஸ்டமர் கேர்ல வழக்கம்போல “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்”. பண்ணினா சரியாகும், மறுநாள் மறுபடி அதே கதை. அதனால ஒரு தடவை ஆஃப் பண்ணாமலே உட்கார்ந்து நோண்டினேன். கமாண்ட் பிராம்ப்ட்ல கூகுளோட 8.8.8.8-ங்கிற நம்பருக்கு பிங் போட்டா, அதாவது ‘இருக்கியா’னு கேட்டா, பதில் டக்கு டக்குனு வருது. அப்போ லைன் உயிரோட இருக்கு. நம்பருக்குப் பதிலா கூகுள்னு பேரைப் போட்டா, அப்படி ஒரு ஆளே இல்லைங்குது. பேரை நம்பரா மாத்திக் கொடுக்கிற இடத்துலதான், அதாவது டிஎன்எஸ்லதான் கோளாறு.

யார் மாத்திக் கொடுக்கல? அதுக்கு என்எஸ்லுக்அப்னு ஒரு கமாண்ட் இருக்கு. தளத்தோட பேரைப் போட்டு, பக்கத்துலயே யாரைக் கேக்கணுமோ அந்த நம்பரையும் போடலாம். கூகுளோட டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐக் கேட்டா உடனே பதில். பாக்ஸோட ஸ்டேட்டஸ் பக்கத்துல கம்பெனியோட டிஎன்எஸ் நம்பர் இருந்துச்சு, அதைக் கேட்டாலும் பதில். 192.168.1.1-ஐ, அதாவது வீட்டு பாக்ஸையே கேட்டா டைம் அவுட். டிவி, கேமரா, ஆளுக்கொரு போன்னு எல்லாமே அந்தச் சின்ன பாக்ஸைத்தான் கேக்குது. சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பினதும் அது மூச்சு முட்டி நின்னுடுது.

பாக்ஸோட செட்டிங்ஸ்ல, வீட்டுக் கருவிகளுக்கு நம்பர் கொடுக்கிற டிஎச்சிபி பக்கத்துல டிஎன்எஸ்ஸுனு ரெண்டு கட்டம் இருக்கும். அதுல பாக்ஸோட நம்பரை எடுத்துட்டு கூகுளோட 8.8.8.8, குவாட்9-ங்கிற இன்னொரு அமைப்போட 9.9.9.9 போட்டேன். இப்போ போனும் டிவியும் பாக்ஸைத் தாண்டி நேரா வெளியில கேக்குது. அதுக்கப்புறம் ஏழு மணிக் கூத்து இல்ல.

வாட்ஸ்அப் எப்படி வந்துச்சுனு கேக்காதவங்க கிடையாது. அது ஏற்கெனவே திறந்து வெச்ச இணைப்புலயே ஓடிக்கிட்டு இருக்கும், புதுசா யார் பேரையும் விசாரிக்க வேண்டியதில்ல. அது வருதுங்கிறதுக்காக டிஎன்எஸ் நல்லா இருக்குனு அர்த்தம் இல்ல.

உங்க வீட்டுக் கதைகளைச் சொல்லுங்க.

தென்காசி லைன்மேன்

அண்ணாச்சி, நான் இங்க ஒரு கேபிள் ஆபீஸ்ல பைபர் லைன் பாக்குறவன். ஒரு கதை சொல்லுதேன்.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வீடு. நெட்டு செத்துப் போச்சுன்னு போன் மேல போன். போயிப் பாத்தா விளக்கு எல்லாம் சரி. பைபர்ல வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு பவர் மீட்டர வச்சுப் பாத்தேன், மைனஸ் 19 டிபிஎம். அது நல்ல அளவு. மைனஸ் 27-ஐத் தாண்டிப் போச்சுன்னாதான் பாக்ஸு திக்கித் திணறும். ஆச்சி போன்ல பாத்தா பணம் கட்டச் சொல்லுத பக்கம் ஜம்முனு வந்து நிக்கி. வாத்தியார் லேப்டாப்ல ஒண்ணுமே இல்ல, வெறும் எரரு.

சங்கதி என்னன்னா, பிளான் முடிஞ்சு போச்சு. முடிஞ்சா எங்க டிஎன்எஸ் எந்தப் பேரைக் கேட்டாலும் பணம் கட்டுத பக்கத்து நம்பரத்தான் கொடுக்கும். அதுக்குத்தான் அப்பிடி வச்சிருக்கு. பொங்கலுக்கு வந்த பேரன், ஸ்பீடு வரும்னு லேப்டாப்ல மட்டும் 8.8.8.8 போட்டுட்டுப் போயிருக்கான். பிளான் முடிஞ்ச லைன்ல வெளி நம்பருக்கு எதுவும் போவாது. அதனால லேப்டாப்பு கேட்ட கேள்வி வாசலையே தாண்டல, பணம் கட்டுத பக்கமும் வரல. ஆச்சி போன்லயே கட்டுனாவ, எல்லாம் வந்துருச்சு. இந்த மாதிரி வீடு எங்க ஏரியாவுல நெறைய. டிஎன்எஸ் மாத்துறது தப்பில்ல, மாத்துனத வீட்ல ஒருத்தருகிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

அப்புறம், 2021-ல கரண்டு கட்டுக்கு அணிலும் காரணம்னு மந்திரி சொன்னதுக்கு அப்புறம், அணில் வயரக் கடிச்சுட்டுன்னு சொன்னா எல்லாரும் சிரிக்காவ. நெசமாவே கடிக்கும்யா. கடிச்சா எல்ஓஎஸ் விளக்கு, அதான் சிக்னல் வரலன்னு காட்டுதது, செவப்பா எரியும். செவப்பு எரிஞ்சா செட்டிங்ஸ் பக்கமே போவாதிய, எங்களுக்குப் போனப் போடுங்க.

கோவை அம்மா

எங்க வீட்டுது வேற மாதிரிங்க. பிள்ளைங்க பார்க்கக் கூடாத தளம் வராம இருக்கட்டும்னு ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸா கிளவுட்ஃபிளேர் கம்பெனியோட 1.1.1.3 போட்டோம். 2020-ல இருந்து இந்த நம்பர் இருக்குதுங்க, வைரஸ் தளத்தையும் வயசு வந்தவங்க தளத்தையும் வடிகட்டும். லேப்டாப்ல அருமையா வேலை செஞ்சுது. பெரியவன் போன்ல மட்டும் எல்லாம் திறக்குது.

ரெண்டு காரணம் இருந்துச்சுங்க. ஒண்ணு, ஐபிவி6, அதாவது இணைய நம்பரோட புது வகை. நாம மாத்தினது பழைய ஐபிவி4 நம்பரை மட்டும். கம்பெனிக்காரங்க ஐபிவி6-லயும் தனியா ஒரு டிஎன்எஸ் கொடுத்திருக்காங்க, போன் அதைக் கேட்டுட்டுப் போயிட்டு இருந்திருக்குது. அந்தக் கட்டத்துலயும் 2606:4700:4700::1113-னு போட்டதும் பாதி அடங்குச்சு.

மீதி? ஆண்ட்ராய்டு 9-ல இருந்து ‘பிரைவேட் டிஎன்எஸ்’னு ஒரு அமைப்பு வருதுங்க. பெரியவன் விளம்பரம் வராம இருக்க அதுல ஏதோ ஒரு பேரைப் போட்டு வெச்சிருந்தான். அப்படிப் போட்டா கேள்வியெல்லாம் பூட்டுப் போட்டு 853-ங்கிற போர்ட் (கதவு எண் மாதிரி) வழியா நேரா அங்கே போயிடும். ரவுட்டர் சொல்றதை அந்த போன் கேக்கவே கேக்காது. ரவுட்டர்ல 853-ஐ அடைக்கலாம்தான். அடைச்சா அடுத்து பிரவுசருக்குள்ளயே 443 வழியா கேக்க வைப்பான், அது சாதாரண வெப்சைட் போற வழி, அதை எங்கே போய் அடைக்கிறது? பத்தாவது படிக்கிறவனுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கேன்னு அவங்கப்பாவுக்கு உள்ளுக்குள்ள பெருமை வேற.

திருச்சி ஓய்வூதியர்

நான் எழுதுவது சற்று கவலைக்குரியது. என் தங்கை வீட்டில் வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டினாலும், உள்ளே நுழையும் பக்கத்திலேயே ஏடிஎம் அட்டை எண், காலாவதித் தேதி, பின் நம்பர் எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்டது. அதற்கு முன் பிரவுசர் ‘இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல’ என்று எச்சரித்தது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்தால் வழக்கமான பக்கம். கணினி, போன் எதில் பார்த்தாலும் வைஃபையில் மட்டும் இந்தக் கோளாறு என்பதால் ரவுட்டரைச் சந்தேகித்தேன்.

உள்ளே சென்றால், டிஎன்எஸ் கட்டத்தில் யாரும் போடாத ஓர் எண். ரவுட்டரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தவையே. வெளியிலிருந்து நுழையும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியும் திறந்திருந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்து, ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றி, அந்த வசதியை மூடினோம். அதற்குப் பிறகுதான் வங்கிக் கணக்கைத் திறக்க அவளை அனுமதித்தேன்.

இது புதிய தந்திரம் அல்ல. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளில் இதையே செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தபோது, போலி சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையமே நின்றுவிடும் என்ற சிக்கல் வந்தது. நீதிமன்ற அனுமதியுடன் அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

நைட் ஷிப்ட்

டிஎன்எஸ் மாத்தினா ஸ்பீடு ஏறும்னு வீடியோ போடறவங்களை என்ன பண்றதுனு தெரியல. 100 எம்பி பிளான் 100 எம்பிதான். பேரைக் கண்டுபிடிக்கிற அந்தச் சில மில்லிசெகண்ட் குறையலாம், அவ்வளவுதான். சில நேரம் ஆகாமலும் போகும். பெரிய வீடியோ தளங்கள் ஊருக்கு ஊர் சர்வர் வெச்சிருக்கு. எந்த சர்வரைக் கொடுக்கிறதுனு பல இடத்துல டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருதுன்னு பார்த்துத்தான் முடிவாகுது. தூரத்து டிஎன்எஸ்ஸைக் கேட்டா, பக்கத்துத் தெருவுல இருக்கிற கடையை விட்டுட்டு அடுத்த ஊர்க் கடைக்கு வழி சொல்லிடலாம்.

குரோம்பேட்டை அண்ணன் ரெண்டு கட்டத்துலயும் வேற வேற ஆளோட நம்பரைப் போட்டது நல்லது. நிறைய பேர் 1.1.1.1, 1.0.0.1 ரெண்டையும் போட்டுட்டு மாற்று இருக்குனு நினைக்கிறாங்க. ரெண்டும் ஒரே கம்பெனி, கிளவுட்ஃபிளேர். 2025 ஜூலை 14, நம்ம கணக்குக்கு 15-ஆம் தேதி விடியற்காலை மூணரை மணி வாக்குல, ஒரு கான்ஃபிகரேஷன் பிழையால ரெண்டும் சேர்ந்தே ஒரு மணி நேரம் படுத்துச்சு.

சேலம்

அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். ஸ்பீடு டெஸ்ட் நல்லா வருது, யூடியூப் வருது. பில் கட்டுற தளம் ஒண்ணு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்கல. என்எஸ்லுக்அப்ல பதில் வருது. மொபைல் டேட்டாவுல உடனே திறக்குது.

குரோம்பேட்டைக்காரன்

பேருக்கு நம்பர் வந்துடுச்சுன்னா டிஎன்எஸ்ஸை விட்டுடுங்க. எம்டியூவா இருக்கலாம், அதாவது ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற வரம்பு. யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு இணையற பிபிபிஓஇ லைன்ல ஒரு பாக்கெட் 1492 பைட்தான் போகும், கம்ப்யூட்டர் 1500-னு நினைச்சு அனுப்பும். பெருசை உடைக்கச் சொல்ற தகவல் வழியில எங்கேயாவது தடுக்கப்பட்டா, அந்தத் தளம் மட்டும் தொங்கும். பிங்ல உடைக்காதேங்கிற ஆப்ஷனோட அளவு 1472 வெச்சுப் பாருங்க, அப்புறம் 1464. தலைப்புப் பகுதிக்கு 28 சேர்த்துக்கணும்.

சேலம்

1464 போகுது, 1472 போகல. ரவுட்டர்ல எம்டியூ கட்டம் இருக்கு, ஆனா மாத்த விடமாட்டேங்குது, பூட்டிக் கிடக்கு.

தென்காசி லைன்மேன்

தம்பி, அது கம்பெனிக்காரங்க பூட்டி வச்சிருப்பாவ. போன் பண்ணி நெட்டு ஸ்லோன்னு சொல்லாதிய, ஆஃப் பண்ணி ஆன் பண்ணத்தான் சொல்லுவாவ. 1472 போகல, 1464 போகுது, எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பாக்கெட்டு அளவ லைனுக்கு ஏத்த மாதிரி சுருக்குதது) போட்டு விடுங்கன்னு கேளுங்க, உடனே மேல உள்ள ஆளுகிட்ட கொடுத்துருவாவ. அதுவரைக்கும் கம்ப்யூட்டர்லயே எம்டியூவ 1492-ன்னு வச்சுப் பில்லக் கட்டுங்க.